நூறு மில்லிலிட்டருக்குள் ஓர் இதயமும் நுரையீரலும்

மூன்று கிலோ எடையுடன் பிறந்த குழந்தையின் உடலில் ஓடும் மொத்த இரத்தம் ஏறத்தாழ 250 மில்லிலிட்டர். வீட்டில் தண்ணீர் குடிக்கும் டம்ளர் ஒன்றை நிரப்பினால் அவ்வளவுதான், மிச்சம் இருக்காது. இதயத்தைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையில் இந்த இரத்தம் உடலை விட்டு வெளியே வந்து, குழாய்களின் வழியே ஓடி, கரியமில வாயுவை இறக்கிவிட்டு ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டு, தேவையான வெப்பநிலையைப் பெற்று, மறுபடியும் உடலுக்குள் போக வேண்டும். இந்த வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் நான். குழந்தைகளுக்கான அறுவை அரங்கில் வேலை செய்வதால், இயந்திரத்தை எவ்வளவு சிறிதாக்கலாம், எந்த இடத்தில் சிறிதாக்கக் கூடாது என்ற கேள்வி என்னை விட்டுப் போவதே இல்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இயந்திரத்தை நோயாளியுடன் இணைப்பதற்கு முன்னால் அதன் குழாய்களையும் கலன்களையும் காற்று துளியும் இல்லாதபடி திரவத்தால் நிரப்பியாக வேண்டும். தமனிக்குள் நுழையும் காற்றுக் குமிழி மூளைக்குப் போய்விடக்கூடும் என்பதால் இதில் சலுகைக்கு இடமே கிடையாது. இப்படி நிரப்பும் திரவத்தைப் பிரைம் என்கிறோம். உடலில் 5 லிட்டர் இரத்தம் உள்ள பெரியவருக்கு ஒரு லிட்டர் பிரைம் என்றாலும் இரத்தம் ஓரளவு நீர்த்துப்போகும். அதை உடல் தாங்கிக்கொள்ளும். குழந்தையின் கணக்கு வேறு. 250 மி.லி. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, அதாவது ஹெமட்டோகிரிட், 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உடலில் இருப்பது 100 மி.லி. சிவப்பணு. பிரைம் 350 மி.லி. என்றால் ஹெமட்டோகிரிட் 17-க்குக் கீழே இறங்கிவிடும். பிரைம் 250 என்றால் 20, 150 என்றால் 25, 100 என்றால் 28-க்கு மேல். குழந்தைகளுக்கான இயந்திர வடிவமைப்பில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் உழைப்பில் பெரும்பகுதி இந்தச் சிறிய எண் வரிசையில் ஒரு படி மேலே ஏறுவதற்காகத்தான்.

பிரைமில் வேறொருவரின் இரத்தத்தைச் சேர்த்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமே என்று கேட்கலாம். பெரும்பாலான இடங்களில் இன்றும் அதைத்தான் செய்கிறோம். தேவைப்படும்போது அது உயிரைக் காக்கிறது. ஆனால் பையில் சேமித்த இரத்தம் உடலில் ஓடும் இரத்தத்தைப் போன்றது அன்று. நாளாக ஆக அதில் பொட்டாசியமும் லாக்டேட்டும் கூடுகின்றன. உறையாமல் இருப்பதற்காகச் சேர்த்த சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. இவற்றைப் பெரியவரின் உடல் தன் ஐந்து லிட்டருக்குள் கரைத்துவிடும். குழந்தையின் இதயத்துக்கோ, இயந்திரம் ஓடத் தொடங்கும் அந்த முதல் நிமிடத்தில், பிரைமின் வேதியியல் ஏறத்தாழ அப்படியே போய்ச் சேர்கிறது. அதனால்தான் இரத்தம் சேர்த்த பிரைமை, நோயாளியுடன் இணைப்பதற்கு முன்பே, நீரையும் அதில் கரைந்தவற்றையும் பிரித்தெடுக்கும் ஹெமோஃபில்டர் என்ற வடிகட்டி வழியாக ஓடவிட்டுக் கழுவுகிறோம். இதற்கு மேல், பிறவி இதயக் குறையுள்ள பல குழந்தைகளுக்கு இரண்டு மூன்று அறுவை சிகிச்சைகள் தேவைப்படும். ஒவ்வொரு முறை அந்நிய இரத்தம் ஏறும்போதும் அதற்கெதிரான எதிர்பொருள்கள் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. பின்னாளில் மாற்று இதயம் வேண்டியிருந்தால் பொருத்தம் கிடைப்பதற்கு அதுவே தடையாக நிற்கும்.

இயந்திரம் குழந்தைகளை மனத்தில் வைத்துப் பிறந்ததாகச் சொல்ல முடியாது, ஆனால் அதன் தொடக்க வரலாற்றில் குழந்தைகள்தான் நிறைந்திருக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் 1952-இல் தன் இயந்திரத்தை முதன்முதலில் இணைத்தது 15 மாதக் குழந்தை ஒன்றுக்கு. மேலறைகளுக்கு நடுவே ஓட்டை இருப்பதாக நினைத்து இதயத்தைத் திறந்தார்கள். அங்கே ஓட்டை இல்லை. குழந்தை பிழைக்கவில்லை, உண்மையில் இருந்த குறை வேறொன்று என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அடுத்த ஆண்டு மே 6-ஆம் நாள் 18 வயதுப் பெண்ணுக்கு அவர் செய்த அறுவை சிகிச்சை வெற்றியடைந்தது. வரலாற்றில் நின்றது அந்தத் தேதி. அதன்பின் வந்த குழந்தைகள் இறந்ததும் கிப்பன் இயந்திரத்தைப் பயன்படுத்துவதையே நிறுத்திக்கொண்டார்.

1954 மார்ச் 26-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்ட்டன் லில்லஹை செய்ததை இன்று படித்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. இயந்திரத்துக்குப் பதிலாக அவர் ஒரு மனிதரைப் பயன்படுத்தினார். தந்தையைப் பக்கத்து மேசையில் படுக்கவைத்து, பால் போன்ற திரவங்களை இறைக்கப் பயன்பட்ட வகையைச் சேர்ந்த ஒரு சிறு பம்ப்பை நடுவில் வைத்து, தந்தையின் நுரையீரலில் ஆக்ஸிஜன் பெற்ற இரத்தத்தைக் குழந்தைக்கு அனுப்பினார். கீழறைச் சுவரின் ஓட்டை அடைக்கப்பட்டது. குழந்தை பதினோரு நாட்களுக்குப் பின் நிமோனியாவால் இறந்தது. இதே முறையில் 45 பேருக்கு அறுவை சிகிச்சை செய்து 28 பேரை அவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். ஒரே அறுவையில் இருவர் உயிரும் போகக்கூடும் என்று சக மருத்துவர்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. எனினும் வடிவமைப்பாளரின் கண்ணோடு பார்த்தால் அந்த ஏற்பாட்டில் பிரைம் என்று சொல்லத்தக்கது ஒரு சிறு பம்ப்பும் சில அடிக் குழாயும் மட்டுமே. இரத்தத்தில் ஆக்ஸிஜனை ஏற்றும் ஆக்ஸிஜனேட்டரும் வெப்பமாற்றியும் தேக்கக் கலனும் தந்தையின் உடலுக்குள்ளேயே இருந்தன. இரத்த அளவைப் பொறுத்தவரை அதை எட்டிப்பிடிக்கப் பிற்கால இயந்திரங்களுக்கு வெகுகாலம் ஆனது. அடுத்த ஆண்டே அதே மினசோட்டாவில் ரிச்சர்ட் டிவால் பிளாஸ்டிக் குழாய்களால் எளிய குமிழி ஆக்ஸிஜனேட்டர் ஒன்றைச் செய்தார். மாயோ கிளினிக்கில் ஜான் கர்க்லின் கிப்பனின் இயந்திரத்தைத் திருத்தி ஓட்டத் தொடங்கினார். இதய அறுவை உலகெங்கும் பரவியது.

கைக்குழந்தைகள் மட்டும் அந்தப் பரவலில் பின்தங்கிப் போனார்கள். இயந்திரத்தில் ஏற்றும் திரவம் அவர்களுடைய இரத்தத்தைப் போலப் பல மடங்கு இருந்தது. எனவே அறுவை மருத்துவர்கள் வேறொரு வழியைத் தேடினார்கள். ஜப்பானில் கியோட்டோவிலும், பிறகு 1960-களின் இறுதியில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிரையன் பாரட்-பாய்ஸ் தலைமையிலும், குழந்தையைப் பனிக்கட்டியால் குளிர்வித்து, இரத்த ஓட்டத்தையே முழுவதும் நிறுத்திவிட்டு, அசைவில்லாத இதயத்தில் வேலையை முடித்து, மறுபடி சூடேற்றும் முறை வளர்ந்தது. இயந்திரத்தோடு குழந்தை இருக்கும் நேரத்தைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. கருவி பெரிதாக இருந்ததால் கருவியை நிறுத்திவைப்பதே சிகிச்சையின் ஒரு பகுதியாயிற்று. அதற்கான விலையை மூளை கொடுத்ததோ என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகளை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 1993-இல் வெளிவந்தபோது, ஓட்டத்தை முழுவதும் நிறுத்திய பிரிவில் வலிப்பு அதிகம் என்பது தெளிவாயிற்று. ஓட்டம் குறைவாக இருந்தாலும் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றால் இயந்திரம் நெடுநேரம் ஓட வேண்டும். அப்படியானால் அது குழந்தைக்கு ஏற்ற அளவில் இருந்தாக வேண்டும்.

எவ்வளவு நீர்த்தால் தீங்கு என்ற கேள்விக்கும் பாஸ்டன்தான் விடை தேடியது. 2003-இல் வெளியான ஆய்வில் ஒரு பிரிவுக் குழந்தைகளின் ஹெமட்டோகிரிட் குளிர்விக்கும் கட்டத்தில் சராசரியாக 21.5 ஆகவும், மற்றதில் 27.8 ஆகவும் இருந்தது. ஒரு வயதில் சோதித்தபோது, அதிகம் நீர்த்த பிரிவின் இயக்கத்திறன் வளர்ச்சி குறைவாக இருந்தது. மேலே நான் போட்ட கணக்கை மறுபடி பாருங்கள்: பிரைம் 100-க்கும் 250-க்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய இந்த இரு பிரிவுகளுக்கும் இடையே உள்ள தூரம். அன்று அந்த இடைவெளியை நிரப்பியது பெரும்பாலும் இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம். அதே இடைவெளியைக் கருவியைச் சுருக்கி அடைக்க முடியுமா என்பதுதான் வடிவமைப்பாளர் முன்னுள்ள வினா.

இனி மில்லிலிட்டர்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று பார்ப்போம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஆக்ஸிஜனேட்டரைத்தான் காட்டுவார்கள். அது பார்க்கப் பெரிதாக இருக்கிறது. என் அனுபவத்தில் உண்மையான கள்வன் குழாய். 1/4 அங்குல உள்விட்டமுள்ள குழாய் மீட்டருக்கு 32 மி.லி. பிடிக்கும், 3/16 அங்குலம் 18 மி.லி.; 1/8 அங்குலம் 8 மி.லி. பழைய பாணியில் இயந்திரம் மேசையிலிருந்து தள்ளி நின்று, போக ஒன்றரை மீட்டர், வர ஒன்றரை மீட்டர் கால் அங்குலக் குழாய் போட்டால் அந்த இரண்டு குழாய்களிலேயே 95 மி.லி. போய்விடும். அதையே 60 செ.மீ. நீளத்துக்குக் குறைத்து, சிரைப் பக்கம் 3/16, தமனிப் பக்கம் 1/8 என்று மாற்றினால் இரண்டும் சேர்ந்து 16 மி.லி.க்குள் அடங்கும். கிட்டத்தட்ட 80 மி.லி. மிச்சம். எந்த ஆக்ஸிஜனேட்டர் நிறுவனமும் எத்தனை ஆண்டு ஆராய்ந்தாலும் ஒரே கருவியில் இவ்வளவு மிச்சத்தைத் தர இயலாது.

நீளத்தைக் குறைப்பதும் விட்டத்தைக் குறைப்பதும் ஒரே வகைச் சிக்கனம் அன்று. நீளம் குறைந்தால் எல்லாமே நன்மை. விட்டம் குறைந்தால் கொள்ளளவு விட்டத்தின் இருமடிப்படி குறையும்போது, அதே ஓட்டத்துக்கு வேண்டிய அழுத்தம் நான்மடிப்படி ஏறும். கால் அங்குலத்திலிருந்து 3/16-க்கு இறங்கினால் அழுத்த இழப்பு மூன்று மடங்குக்கு மேல். அங்கிருந்து 1/8-க்கு இறங்கினால் மேலும் ஐந்து மடங்கு. நிமிடத்துக்கு 500 மி.லி. ஓடும் 60 செ.மீ. நீள 1/8 அங்குலக் குழாயில், நீர்த்த இரத்தத்துக்கு ஏறத்தாழ 40 மி.மீ. பாதரச அழுத்தம் செலவாகும் என்று கணக்குச் சொல்கிறது. பம்ப் தள்ளும் தமனிப் பக்கத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெருந்தமனியில் செருகும் கேனுலா என்ற மெல்லிய குழல் எப்படியும் அதைவிட அதிகமாகக் கேட்கும். அதே குழாயை ஒன்றரை மீட்டருக்கு நீட்டினால் இழப்பு 90-ஐத் தாண்டும். ஆகவே விட்டத்தைக் குறைக்கும் உரிமை, நீளத்தை முதலில் குறைத்தவருக்கே உண்டு.

நீளத்தைக் குறைக்க இயந்திரம் குழந்தையை நோக்கி நகர வேண்டும். பழைய அமைப்பில் பம்ப்புகள் ஒரு கனமான மேடையில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். இப்போதைய அமைப்புகளில் பம்ப்பின் தலையை மட்டும் கழற்றி, கம்பத்தில் மாட்டி, எந்தக் கோணத்திலும் திருப்பி மேசையின் ஓரம்வரை கொண்டுவர முடிகிறது. இயந்திரத்தைச் சிறிதாக்கிய வரலாற்றில் இந்தக் கம்பத்துக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் கருத்து. நகர்த்துவது இயந்திரவியல் வேலை மட்டுமா என்றால் இல்லை. மேசையைச் சுற்றி ஏற்கெனவே அறுவை மருத்துவர், உதவியாளர், கருவி எடுத்துத் தரும் செவிலியர், தலைமாட்டில் மயக்க மருத்துவர் என்று ஆளுக்கோர் இடம் பட்டா போட்டதுபோல் நிலைத்துவிட்டது. குழாய்ப் பொதிக்கான வரைபடத்தில் நான் சிரைக் குழாயை இருபது செ.மீ. குறைத்து எழுதினால், மயக்க மருத்துவரின் மருந்து வண்டி இடம் மாற வேண்டும். “சார், உங்க வண்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிக்கலாமா?” என்று நான் கேட்க, “நீங்க மில்லி மில்லியா மிச்சம் பிடிங்க, நான் குழந்தையோட மூக்குக்கு எப்படிப் போறது?” என்று அவர் கேட்ட நாள் உண்டு. இருவரும் ஒரு மாலை காலி அரங்கில் நின்று, தரையில் டேப் ஒட்டி, யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்த பிறகே அந்த வரைபடத்தை நிறுவனத்துக்கு அனுப்பினோம்.

சிரைப் பக்கத்தில் இன்னொரு தடை இருக்கிறது. குழந்தையிடமிருந்து இரத்தம் இயல்பாகப் புவியீர்ப்பால் கீழே வடிய வேண்டும். அதற்காகத் தேக்கக் கலன் மேசைக்கு வெகு கீழே இருக்க வேண்டும். கீழே இருந்தால் குழாய் நீளும். இந்த வட்டத்தை உடைத்தது, கலனை மூடி அதற்குள் மெல்லிய வெற்றிடத்தை உண்டாக்கும் முறை. வழக்கமாக 20 முதல் 40 மி.மீ. பாதரச அளவுக்கு உறிஞ்சினால் போதும். கலனை மேசை மட்டத்துக்கு அருகே உயர்த்திவிடலாம், மெல்லிய கேனுலாவும் போதுமானதாகும். விலை இல்லாமல் இல்லை. சிரையைச் சுற்றிய தையலில் சிறு கசிவு இருந்தாலும் வெற்றிடம் காற்றை உள்ளிழுக்கும், நுண்குமிழிகள் கூடும். மூடிய கலனில் வெற்றிடக் குழாய் அடைபட்டுவிட்டால், இதயத்திலிருந்து உறிஞ்சிவரும் இரத்தமும் காற்றும் சேர்ந்து உள்ளே அழுத்தம் ஏறி, காற்று சிரை வழியே குழந்தையை நோக்கித் திரும்பும் அபாயமும் உண்டு. அதனால் அழுத்தம் ஏறினால் தானே திறந்துகொள்ளும் வால்வு இல்லாத கலனை இந்த முறைக்கு நான் தொடுவதில்லை.

ஆக்ஸிஜனேட்டருக்கு வருவோம். இன்றைய கருவிகளில் நுண்துளைகள் கொண்ட பாலிப்ரோப்பிலீன் இழைகளின் உள்ளே வாயுவும் வெளியே இரத்தமும் ஓடுகின்றன. பச்சிளங்குழந்தைகளுக்கென்றே வந்த கிட்ஸ் டி100 என்ற ஆக்ஸிஜனேட்டரின் பிரைம் 31 மி.லி.; அதன் சவ்வுப் பரப்பு 0.22 சதுர மீட்டர்; அதாவது மூன்று கிலோக் குழந்தையின் உடற்பரப்பும் அதுவும் ஏறக்குறைய ஒன்றே. நிமிடத்துக்கு 700 மி.லி.க்கு மேல் அதில் ஓட்டக் கூடாது. டெருமோ நிறுவனத்தின் கேபியாக்ஸ் எஃப்எக்ஸ்05 ஆக்ஸிஜனேட்டரின் பிரைம் 43 மி.லி.; ஆனால் 1.5 லிட்டர் வரை ஓட்டலாம். விளம்பரத் தாளை மட்டும் படிப்பவர் 31-தான் சிறியது என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் குமிழிகளையும் துகள்களையும் பிடிக்கும் தமனி வடிகட்டி முதலாவதற்குத் தனியாக வேண்டும். அதற்கென்றே வந்த சிறிய வடிகட்டி 16 மி.லி. எடுக்கும். இரண்டாவதில் வடிகட்டி இழைகளைச் சுற்றி உள்ளேயே அமைந்திருக்கிறது. 47-க்கு எதிரே 43. இத்துடன், நான்கு கிலோக் குழந்தையைச் சூடேற்றும்போது கிலோவுக்கு 175 மி.லி. கேட்டாலே 700 முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கேட்டால் கையில் இருப்பு எதுவும் இல்லை. வடிகட்டியை ஆக்ஸிஜனேட்டருக்குள் சேர்த்ததுதான் அண்மைக் காலத்தில் நடந்த மிகச் சிறந்த வடிவமைப்பு முடிவு என்று நான் கருதுவது இதனால்தான். ஓர் உறுப்பைச் சுருக்குவதைவிட இரு உறுப்புகளை ஒன்றாக்குவது கூடுதலாகக் கொடுக்கிறது. இணைப்புகளும் குறைகின்றன, இணைப்பு இருக்கும் இடமெல்லாம் குமிழி தங்கும் இடம் என்பதால் அதுவும் லாபமே.

பம்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1934-இல் அமெரிக்க மருத்துவர் டிபேக்கி இரத்தம் ஏற்றுவதற்காகப் பயன்படுத்திய உருளைப் பம்ப்பின் வழிவந்ததே இன்றும் குழந்தைகள் அரங்கில் பெரும்பாலும் சுழல்கிறது. வழக்கமான பெரிய தலையில் கால் அங்குலக் குழாய் ஒரு சுற்றுக்கு 13 மி.லி. தள்ளும், சிறிய தலையில் சுற்றுக்குக் குறைவாகத் தள்ளுவதால் வேகமாகச் சுற்ற வேண்டும், குழாய்ச் சுவரும் சிவப்பணுவும் அதிகமாக நசுங்கும். இங்கும் குறைப்புக்கு ஓர் எல்லை உண்டு. மையவிலக்குப் பம்ப் இரத்தத்துக்கு மென்மையானது என்று சொல்லப்பட்டாலும், அதன் தலை தனியாகக் கொள்ளளவு கேட்கிறது. நின்றால் இரத்தம் பின்னோக்கி ஓடும். சில நூறு மி.லி. ஓட்டத்துக்கு உருளையே எனக்கு நம்பகமானது.

தேக்கக் கலனில்தான் சிறிதாக்கும் முயற்சி தன் உண்மையான விலையைக் கேட்கிறது. கலனில் இருக்கும் இரத்தம் பிரைமின் ஒரு பகுதி என்பதால் அதையும் குறைக்கத் தோன்றும். பச்சிளங்குழந்தைகளுக்கான கலன்கள் 10 அல்லது 15 மி.லி. மட்டத்திலும் ஓடும்படி அடிப்பாகம் குவிந்து செய்யப்பட்டிருக்கின்றன. நிமிடத்துக்கு 500 மி.லி. என்பது நொடிக்கு 8 மி.லி.க்கு மேல். 15 மி.லி. மட்டத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அறுவை மருத்துவர் இதயத்தைச் சற்றே தூக்கிப் பிடித்து, சிரைக் கேனுலா மடங்கி, வரத்து நின்றுபோனால், கலன் காலியாக இரண்டு நொடிகூட ஆகாது. கண் பார்த்து, மனம் புரிந்துகொண்டு, கை பம்ப்பின் கட்டுப்பாட்டுக் குமிழைத் திருகுவதற்குள் காற்று பம்ப்புக்குள் போய்விடும். 50 மி.லி. இருந்தால் ஆறு நொடி. அந்த நான்கு நொடியை வாங்க 35 மி.லி. கொடுக்கிறோம், ஹெமட்டோகிரிட்டில் அது இரண்டு புள்ளிக்கு மேல். இதை எப்படிப் பேரம் பேசுவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. மட்டம் குறைந்தால் பம்ப்பைத் தானாக நிறுத்தும் உணர்வியும் குமிழி உணர்வியும் பொருத்தப்பட்டு, அவை ஒவ்வொரு முறையும் இணைப்புக்கு முன் சோதிக்கப்பட்டிருந்தால், தாழ்ந்த மட்டத்தில் ஓட்டலாம் என்பது என் நிலை. உணர்வி இல்லாத இயந்திரத்தில் மிகச் சிறிய பிரைமைச் சாதித்துக் காட்டுவதை நான் திறமை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மாநாடுகளில் “எங்கள் பிரைம் இத்தனை” என்று எண்ணை மட்டும் திரையில் காட்டுபவரிடம், எந்த மட்டத்தில், எந்தப் பாதுகாப்போடு என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. சிலருக்கு அது பிடிப்பதில்லை.

ஓய்வான நாட்களில் சர்க்யூட்டை, அதாவது இயந்திரத்தின் குழாய்களும் கலன்களும் சேர்ந்த தொகுப்பை, பரிசோதனைக்காகக் கட்டி, இரத்தத்தின் பிசுபிசுப்பு வரும்வரை தண்ணீரில் கிளிசரின் கலந்து ஓட்டிப்பார்ப்போம். சிரைக் குழாயை முன்னறிவிப்பின்றி ஒருவர் கிடுக்கியால் இறுக்குவார். மற்றவர் பம்ப்பில் இருப்பார். உணர்வியை அணைத்துவைத்த நிலையில், தாழ்ந்த மட்டத்தில், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் காற்று முந்திக்கொள்கிறது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு மில்லிலிட்டரும் நொடியும் ஒரே நாணயம்தான் என்று விளக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது.

சர்க்யூட்டைச் சுருக்குவதால் பரப்பும் சுருங்குகிறது. பிளாஸ்டிக்கைத் தொடும் இரத்தம் அதை அந்நியப் பொருளாக அறிந்து அழற்சியைத் தூண்டும். நாளத்திலிருந்து நீர் கசிந்து குழந்தை உப்பிப்போகும். குழாய்ச் சுவருக்குப் பூசும் ஹெப்பாரின் முதலிய பூச்சுகள் இதை ஓரளவு தணிக்கின்றன. 1991-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் நாயக், எலியட் ஆகியோர் அறிமுகப்படுத்திய முறை வேறு வழியில் போயிற்று: அறுவை முடிந்தபின், கேனுலாக்களை எடுப்பதற்கு முன், இரத்தத்தை வடிகட்டி வழியே ஓட்டி மிகை நீரைப் பிழிந்தெடுப்பது. பெரிய பிரைமின் காலத்தில் அது பெரும் கொடை. வேடிக்கை என்னவென்றால், அந்த வடிகட்டிக்கும் அதன் குழாய்களுக்கும் இடம் தேவை. பிரைம் நூறுக்கு அருகே வந்துவிட்ட பிறகு, நீரை எடுப்பதற்கான ஏற்பாடே கணிசமான நீரைக் கொண்டுவருகிறது. எனவே சில குழுக்கள் அதைக் கைவிட்டு, ஓட்டத்தின்போதே வடிகட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றன.

கருவி எவ்வளவு சிறிதானாலும் அதைச் சுற்றி நடப்பவை அந்த ஆதாயத்தை விழுங்கிவிடும். இதயத்தை அசைவற்று நிறுத்தும் கார்டியோப்ளீஜியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்ஸ்பர்கில் பிறந்து இன்று உலகெங்கும் புழங்கும் டெல் நிடோ கரைசலைக் கிலோவுக்கு 20 மி.லி. வீதம் கொடுக்கிறோம், மூன்று கிலோவுக்கு 60 மி.லி. அதில் ஐந்தில் நான்கு பங்கு உப்புக்கரைசல், அதாவது 48 மி.லி. அது இதயத்தை விட்டு வெளியே வரும்போது உறிஞ்சிக் கொட்டிவிடாமல் சர்க்யூட்டுக்குள் வரவிட்டால், 100 மி.லி. பிரைமில் 28-ஐத் தாண்டியிருந்த ஹெமட்டோகிரிட் 25-க்கு வந்து நிற்கும். கம்பத்தை நகர்த்தி, வரைபடம் திருத்தி, மயக்க மருத்துவரோடு பேசி மிச்சம் பிடித்ததில் பாதிக்கு மேல் ஒரே நிமிடத்தில் போய்விடுகிறது. இரத்த வாயுச் சோதனைக்கு ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மி.லி. எடுப்பதும், குழாயைக் கழுவ உப்புநீர் தள்ளுவதும் இதே கணக்கில் சேரும்.

பெர்லினில் உள்ள ஜெர்மன் இதய மையத்தின் குழு இதில் சாதித்ததைப் பார்க்கும்போது என்னை ஈர்ப்பது அவர்களுடைய கருவியைவிட அவர்களுடைய கட்டுப்பாடு. யெகோவாவின் சாட்சிகள் சமயத்தைச் சேர்ந்த குடும்பங்கள் இரத்தம் ஏற்றுவதை ஏற்பதில்லை. அக்குடும்பங்களின் 5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பிறர் இரத்தமின்றி இயந்திரத்தின் துணையோடு அறுவை செய்ததை அவர்கள் 2005-இல் வெளியிட்டார்கள். பின்னர் பிரைமை 100 மி.லி.க்கும் கீழே கொண்டுவந்து, அதே முறையை மற்றக் குழந்தைகளுக்கும் விரித்தார்கள். குழாயின் ஒவ்வொரு செ.மீ.யையும் அளந்தார்கள், சோதனைக்கு எடுக்கும் இரத்தத்தையும், உறிஞ்சி எதைச் சேர்ப்பது எதைக் கொட்டுவது என்பதையும், முடிந்தபின் சர்க்யூட்டில் எஞ்சிய இரத்தத்தைக் குழந்தைக்கே திருப்புவதையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வைத்தார்கள். எங்களைப் போன்ற அரங்குகள் அங்கிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் புத்தகம்தான். புதிய கருவி வாங்கப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பணம் என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். குறைந்த எடைக் குழந்தைகளுக்கான கருவிகளைச் செய்யும் நிறுவனங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரியவர்களுக்கான சந்தையோடு ஒப்பிட்டால் இதில் லாபம் சொற்பம். 1.8 கிலோக் குழந்தைக்கு வேண்டிய ஓட்டம் நிமிடத்துக்கு 300 மி.லி.யை ஒட்டியது, அதற்கும் நாங்கள் இணைப்பது 700 அல்லது 1500 மி.லி.க்காகச் செய்த ஆக்ஸிஜனேட்டரையே. அந்தக் குழந்தையின் மொத்த இரத்தம் 150 மி.லி.; 100 மி.லி. பிரைம் போட்டால் கார்டியோப்ளீஜியா கொடுப்பதற்கு முன்பே ஹெமட்டோகிரிட் 24. பத்துப் பதினைந்து மி.லி.யில் முடியும் ஆக்ஸிஜனேட்டரைச் செய்வதில் பொறியியல் தடை பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆண்டுக்கு எத்தனை விற்கும் என்ற கேள்வியில்தான் அது நிற்கிறது. அப்படியொன்று வரும்வரை, இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தை அட்டவணையில் இருந்தால், முதல் நாளே இரத்த வங்கியை அழைத்து, எடுத்து ஒரு வாரத்துக்கு உட்பட்ட, வெள்ளணு நீக்கிய இரத்தம் கேட்டு வாங்கி, அதைக் கழுவிப் பிரைமில் சேர்த்து, பொட்டாசியத்தை அளந்து பார்த்த பிறகே இயந்திரத்தை இணைக்கிறோம்.